சுவரில் நிற்கும் புகைவண்டி

புகைவண்டி, புகைப்படம் என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இரண்டிற்கும் முன்னே புகை நிற்கிறது. இன்றைய வண்டி மின்சாரத்தால் ஓடுகிறது. அதில் புகை இல்லை. இன்றைய படமோ கைப்பேசிக்குள் பிறந்து கைப்பேசிக்குள்ளேயே கிடக்கிறது. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பழைய பெயர்களை விட்டுவிடவில்லை. பொருள் மறைந்த பின்னும் பெயர் நின்று நினைவூட்டுகிறது.

அந்தப் புகைவண்டியும் புகைப்படமும் ஒன்று சேர்ந்து இப்பொழுது நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்திருக்கின்றன. சங்க அன்பர்களின் புதுமனை புகுவிழாக்களுக்குச் செல்லும்போதெல்லாம் இதைக் கண்டு வருகிறேன். ஒரு காலத்தில் தெய்வப் படங்களும் நாட்காட்டியும் மட்டுமே தொங்கிய முன்கூடத்தில், கரிய சட்டம் போட்ட பெரிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று விளங்குகிறது. அதில் பழைய நீராவி எஞ்சின் ஒன்று வெண்புகையைக் கக்கிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. அறைக்கு ஒரு கம்பீரத்தையும் தருகிறது.

நான் பெரும் படிப்புப் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தர் பணி பார்ப்பவன். பார்சல் பிரிவில் இருப்பதால், இத்தகைய சட்டங்கள் அட்டையும் தாளும் சுற்றப்பட்டு, ‘கண்ணாடி, கவனம்’ என்ற எழுத்துடன் வந்து இறங்குவதையும் காண்கிறேன். அண்மையில் கழக்கூட்டத்தில் உறவினர் ஒருவரின் புதுவீட்டில் இத்தகைய படம் ஒன்றின் முன்னே நின்றுகொண்டிருந்தோம். உடன் வந்த சிறுவன் ஒருவன், “மாமா, இது எந்த ஊர் வண்டி?” என்று கேட்டான். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். பனி படர்ந்த தண்டவாளம். முகப்பில் பெரிய மணி. அது நம் நாட்டு வண்டியே அன்று. எந்த நாட்டு வண்டி என்பதும் எவருக்கும் தெரியவில்லை. “ஏதோ ஒரு வண்டி, தம்பி” என்று கூறி அவனைச் சாப்பிட அழைத்துச் சென்றோம்.

“ஏதோ ஒரு வண்டி” என்ற அந்த விடை என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. ஏனெனில், இந்தத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புகைவண்டி ஏதோ ஒரு வண்டி அன்று. நம்மில் பலரை இங்கே கொண்டுவந்து இறக்கியதே அதுதான்.

நம்மைக் கொண்டுவந்த வழி

இளைய தலைமுறையினர் அறிவதற்காக அந்த வழியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். திருவிதாங்கூர் நாட்டிற்குள் முதலில் வந்த இருப்புப் பாதை, கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்குச் சென்ற மீட்டர் கேஜ் பாதை. அது 1904ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்பாதை 1918இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது. 1931இல் நகரின் நடுவே தம்பானூருக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மத்திய நிலையத்தின் கருங்கல் முகப்பு அக்காலத்தது.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். எர்ணாகுளத்திலிருந்து கோட்டயத்திற்கு 1956இலும், கோட்டயத்திலிருந்து கொல்லத்திற்கு 1958இலும்தான் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஆகவே 1918 முதல் 1958 வரை, நாற்பது ஆண்டுகள், திருவனந்தபுரத்தை இந்தியாவின் மற்றப் பகுதிகளோடு இணைத்த இருப்புப் பாதை செங்கோட்டைப் பாதை ஒன்றே. வடநாடு செல்ல வேண்டியவரும் முதலில் தமிழ் மண்ணைத் தொட்டே செல்ல வேண்டியிருந்தது. நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் பாதையோ 1981இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதுவரை தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரயிலில் வந்தவர்கள் மலையைக் கடந்து, புனலூரைக் கடந்து, கொல்லம் வந்து, பின்னரே இவ்வூரை அடைந்தனர். சாலைக் கடைத்தெருவிலும், கோட்டைக்குள்ளும், கரமனையிலும் வாழும் முதியவர்களைக் கேளுங்கள். குகைக்குள் வண்டி நுழைந்ததும் சன்னலை அடைக்க ஓடியதையும், கண்ணில் கரித்தூள் விழுந்து தாய் முந்தானையால் ஒற்றி எடுத்ததையும் அவர்கள் சொல்வார்கள்.

அந்த மலைப்பாதை பார்க்கத் தக்கது. தமிழ்நாட்டுப் பகவதிபுரத்திற்கும் கேரளத்து ஆரியங்காவிற்கும் இடையே மலையைக் குடைந்து வழி செய்திருக்கிறார்கள். கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகளுடன் கருங்கற் பாலம் ஒன்று சாலையை ஒட்டி நிற்கிறது. ஏற்றத்தில் ஓர் எஞ்சின் முன்னே இழுக்க, மற்றோர் எஞ்சின் பின்னே தள்ளும். 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர் கேஜ் வண்டி நின்றது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018இல் முழு வழியும் மீண்டும் திறக்கப்பட்டது. பாலம் அதே பாலம். மலை அதே மலை. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பழைய தண்டவாளமும், அதன்மேல் ஓடிய எஞ்சினும், எஞ்சினில் வெந்த மனிதர்களும் மட்டும் இல்லை. அவர்கள் இனிப் படத்தில்தான் இருக்க முடியும்.

கறுப்பும் வெள்ளையும் பொருந்தும் காரணம்

நீராவி எஞ்சினை வண்ணத்தில் எடுத்த படங்களும் உண்டு. ஆயினும் கறுப்பு வெள்ளைப் படமே நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. பழமையின்மேல் நமக்குள்ள பற்று மட்டுமே இதற்குக் காரணம் அன்று. எஞ்சினே பெரும்பாலும் கறுப்பு. அதன் மூச்சு வெள்ளை. கரி, எண்ணெய், இரும்பு, ஆவி ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொருளுக்கு வேறு வண்ணம் எதற்கு?

உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும்போதுதான் வெண்முகிலாகத் தோன்றுகிறது. ஆதலால் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு அடர்த்தியாக வெண்மை திரளும். மார்கழி விடியலில் எடுத்த படத்தில் வண்டி முகிலைச் சூடி வருவதும், சித்திரை நண்பகலில் எடுத்த படத்தில் வெறும் இரும்பாய் நிற்பதும் இதனால்தான். கரும்புகையோ வேறு. புதுக் கரியை அள்ளிப் போட்டு, அது முழுதும் எரியாதபோது எழுவது அது. கரும்புகையைக் காட்டும் படம் ஒன்றைப் பார்த்தால், உள்ளே ஒருவர் அப்பொழுதுதான் கரி போட்டிருக்கிறார் என்று அறியலாம்.

ஒலியும் அப்படியே. இரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினில், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புகைபோக்கியில் நான்கு மூச்சு எழும். நல்ல படத்தில் அம்மூச்சுகள் தனித்தனி உருண்டைகளாய் வானில் தொடர்ந்து நிற்பதைக் காணலாம். ஒலியைக் கண்ணால் பார்ப்பது என்பது இதுதான்.

படம் எடுப்பவனுக்கு இது எளிய வேலை அன்று. கரிய எஞ்சினின் நுட்பங்கள் தெரியும்படி எடுத்தால் வெண்புகை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். புகைக்காக எடுத்தால் எஞ்சின் இருளில் மூழ்கிவிடும். இரண்டையும் காக்க வேண்டும். ஆகையால் தேர்ந்தவர்கள் காலையிலும் மாலையிலும், கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில் காத்திருந்து எடுத்தார்கள். சாய்ந்த ஒளி அப்போதுதான் கொதிகலனுக்கு அடியிலும் புகுந்து, சக்கரங்களையும் அவற்றை இணைக்கும் தண்டுகளையும் துலக்கிக் காட்டும்.

அக்காலத்து அச்சுப் படம் வெள்ளியால் ஆனது என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தாளின்மேல் பூசிய பசைப்பொருளில் வெள்ளி உப்பு கலந்திருக்கும். ஒளி பட்ட இடத்தில் அது, மருந்தில் கழுவும்போது, கரிய வெள்ளித் துகளாக மாறும். ஒளி படாத இடத்து உப்பை ‘ஹைப்போ’ என்ற கரைசல் நீக்கிவிடும். அதை நன்றாகக் கழுவாமல் விட்டால் படம் சில ஆண்டுகளில் பழுத்து மஞ்சளாகும். நம் வீட்டுப் பழைய படங்கள் சில பளிச்சென்று இருப்பதும், சில மங்கிப் போனதும் பெரும்பாலும் அன்று இருட்டறையில் நின்றவர் ஊற்றிக் கழுவிய தண்ணீரைப் பொறுத்தவை.

ஓர் அமெரிக்கர் செய்த வேலை

நீராவி வண்டிப் படங்களை உலகம் கலையாக மதிக்கும்படி செய்தவர்களுள் முதன்மையானவர் வின்ஸ்டன் லிங்க் என்னும் அமெரிக்கர். 1914இல் பிறந்து 2001இல் மறைந்த இவர், நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் என்ற இரயில்வே நிறுவனம் நீராவி எஞ்சின்களைக் கைவிடப் போகும் காலம் நெருங்கியதை உணர்ந்து, 1955 முதல் 1960 வரை விடாமல் அந்தப் பாதைக்குச் சென்று படம் எடுத்தார். பல படங்களை இரவில் எடுத்தார். பகலில் கதிரவன் நின்ற இடத்திலிருந்துதான் ஒளி வரும். இரவிலோ தாம் வேண்டிய இடத்தில் விளக்கை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. கம்பிகளை நீள இழுத்து, பத்துக் கணக்கில் மின்னல் விளக்குகளைக் கட்டி, வண்டி வரும் நொடிக்காகக் காத்திருப்பார். அந்த நொடி தவறினால் போன வண்டி திரும்பி வராது.

ஆனால் அவர் படங்களில் நான் வியப்பது விளக்குகளை அன்று. ஒரு படத்தில் சிறுவர் சிறுமியர் ஓடையில் நீராடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே பாலத்தில் வண்டி செல்கிறது. மற்றொன்றில் வீட்டுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். சன்னலுக்கு வெளியே எஞ்சின் கடக்கிறது. 1956இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், காரில் அமர்ந்தபடியே திரைப்படம் பார்க்கும் திடலில் இளையோர் இருவர் அமர்ந்திருக்க, பின்னே சரக்கு வண்டி புகையைச் சொரிந்து ஓடுகிறது. எஞ்சினை மட்டும் எடுத்தால் அது இயந்திரப் படம். அதன் அருகே வாழ்ந்தவரையும் சேர்த்து எடுத்ததால் அது ஓர் ஊரின் படமாயிற்று.

நம் நாட்டிலும் அதே 1955ஆம் ஆண்டில் வெளிவந்த சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை நினைத்துப் பாருங்கள். நாணற்பூக் காட்டினூடே அக்காளும் தம்பியும் ஓடிவந்து புகைவண்டியைப் பார்க்கும் காட்சியை அறியாதார் யார்? அங்கும் வண்டி பெரிதன்று. அதைப் பார்க்கும் கண்களே பெரிது.

என் வீட்டில் நேர்ந்த பிழை

இவ்வளவு கூறும் எனக்கே இவ்வறிவு முன்பு இருந்ததில்லை. என் பிழையைச் சொல்லாமல் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையன்று.

எங்கள் பூர்வீகம் செங்கோட்டை. என் தாத்தா நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் முகத்தை நான் கண்டதில்லை. என் தந்தையார் மறைந்த பின், அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. ஏறத்தாழ ஓரடி அகலம். ஆயுத பூசை நாளில் எடுத்த படம். எஞ்சினின் முகப்பில் வாழைக்கன்றும் மாலையும் கட்டி, சந்தனம் பூசியிருந்தார்கள். முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாய் நின்றார்கள். மேலே மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் ஒரெழுத்தும் இல்லை.

எனக்குப் பெருமகிழ்ச்சி. கடைகளில் விற்கும் படங்களைவிட நம்முடையது உயர்ந்தது என்று எண்ணி, சட்டம் போடும் கடை ஒன்றிற்குக் கொண்டுசென்றேன். சட்டம் சதுரமாக வர வேண்டும். படம் நீளமாக இருந்தது. கடைக்காரர், “வலது ஓரத்தில் கலங்கலாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் நடுவில் வரும், பார்வையாக இருக்கும்” என்றார். நானும் பார்த்தேன். வலது ஓரத்தில், எஞ்சினில் ஏறும் படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓர் உருவம். முகம் தெளிவில்லை, தலை அசைந்திருந்தது. “வெட்டிவிடுங்கள்” என்றேன்.

படம் முன்கூடத்தில் மாட்டப்பட்டது. வந்தவர் எல்லாரும் புகழ்ந்தனர். சில மாதங்கள் கழித்து ஆச்சி எங்களோடு தங்குவதற்காகச் செங்கோட்டையிலிருந்து வந்தார். எண்பத்தைந்தைக் கடந்த வயது. படத்தருகே நாற்காலியைப் போடச் சொல்லி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அழைத்தார்.

“ஐயா, எஞ்சின் இருக்கு. எல்லாரும் இருக்காவ. உங்க தாத்தாவ எங்க?”

எனக்கு விளங்கவில்லை. ஆச்சி தம் விரலைக் கண்ணாடியின்மேல் வைத்து, வலப்பக்கமாக நகர்த்திச் சென்று, சட்டத்தின் மரத்தில் நிறுத்தினார். “இந்தா, இந்தப் படியிலதான நின்னாவ.”

பிறகு அவரே சொன்னார். அன்று தாத்தாவுக்கு வேலை முறை. படத்திற்கு எல்லாரும் இறங்கி நின்றுவிட்டார்கள். எஞ்சினில் நெருப்பு தணிந்துவிடக் கூடாது என்று தாத்தா மட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். படம் எடுப்பவர் அசையாதீர்கள் என்று சொன்ன நேரத்தில் படியில் வந்து நின்றார். அப்பொழுதும் தலை நெருப்பின் பக்கம் திரும்பிவிட்டது. “அதான் கலங்கலா விழுந்துட்டாவ. அவியளுக்குன்னு இருந்தது அந்த ஒரு படந்தான்யா” என்றார் ஆச்சி.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். ஆகவே தெளிவாக விழுந்தார்கள். வேலையை விடாமல் இருந்தவர் ஒருவரே அசைந்தார். ஆகவே கலங்கலாக விழுந்தார். நான் மெச்சிய அந்தப் புகை அவர் எழுப்பிய புகை. புகையை வைத்துக்கொண்டு, அதை எழுப்பியவரை வெட்டி எறிந்தேன்.

மறுநாளே கடைக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகளை அன்றன்றே குப்பையில் போட்டுவிடுவது வழக்கம் என்றார்கள். அவர்கள்மேல் குறை கூற எனக்கு வாய் இல்லை. வெட்டச் சொன்ன வாய் என்னுடையது. உறவினர் வீடுகளில் எல்லாம் கேட்டுவிட்டேன். வேறு படி கிடைக்கவில்லை.

செய்ய வேண்டுவன

என்னைப்போல் பிறரும் இழக்கலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். நான் பட்டும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, எழுதி வையுங்கள். பழைய படத்தைக் கவிழ்த்துக் கெட்டியான பலகைமேல் வைத்து, பின்பக்கத்து ஓரத்தில், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். ஊர், ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர், இதைச் சொன்னவர் யார் என்ற நான்கும் போதும். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும், அது வேண்டா. எழுதுவதற்கு முன் வீட்டில் மிக மூத்தவரிடம் படத்தைக் காட்டுங்கள். நாம் கலங்கல் என்று நினைப்பதில் அவர் ஒரு மனிதரைக் காண்பார்.

இரண்டாவது, மூலத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். அதைப் படி எடுத்து, படியை மாட்டுங்கள். மூலத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். கணக்கு எளியது. மூன்று அங்குல அகலப் படத்தை, அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 1,800 புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்திற்கு 200 வீதம் அச்சிட்டால் ஒன்பது அங்குலப் படமாகும். முன்கூடத்திற்கு அது போதுமான அளவு. பழைய ‘அக்ஃபா கிளிக்’ பெட்டிக் கேமராவின் சதுர நெகடிவ்கள் உறைகளில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அச்சுப் படத்தைவிட நெகடிவில்தான் செய்தி மிகுதி. ஓரம் வெட்டப்பட்ட படத்திற்கும் நெகடிவில் ஓரம் இருக்கும்.

மூன்றாவது, நம் ஊர் மழையை நினையுங்கள். சூன் முதல் ஒரு மழை. அக்டோபரிலும் நவம்பரிலும் மற்றொரு மழை. ஆண்டில் பாதி நாள் சுவர் ஈரம். படத்தின் பசைப்பொருள் ஈரத்தை உறிஞ்சி இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். ஆகையால் படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டையால் ஓர் இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும், வெயில் நேரே விழும் இடத்திலும், அடுக்களை அருகிலும் மாட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டதானால் பிய்க்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு அறிந்தவரிடம் காட்டலாம்.

நான்காவது, புதுப் படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் அகலப் பாதையில் நீராவி வண்டிகளின் வழக்கமான ஓட்டம் 1995ஆம் ஆண்டோடு முடிந்தது. எனினும் நீராவி முற்றும் அணைந்துவிடவில்லை. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் நீலகிரி மலைப்பாதையில், குன்னூர் வரையிலான ஏற்றத்தில் நீராவி எஞ்சின் இன்றும் வண்டியைப் பின்னின்று தள்ளுகிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் அது. பல்சக்கரத்தால் தண்டவாளத்து நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்வி ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதற்கான புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளரே இந்த நூற்றாண்டில் செய்தனர். பெரம்பூர்ப் பணிமனையோ 1855இல் செய்யப்பட்ட எஞ்சினையே பழுது நீக்கி மீண்டும் ஓட வைத்தது. சென்னை ஐ.சி.எஃப். இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களை அருகில் நின்று காணலாம். அங்கெல்லாம் செல்லும்போது எஞ்சினோடு நின்றுவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றுபவரையும், கொடி அசைப்பவரையும், சன்னலில் முகம் வைத்த குழந்தையையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். அவர்களிடம் கேட்டு எடுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய அயல்நாட்டு வண்டிப் படத்தை எறிந்துவிடச் சொல்கிறேனா? இல்லை. அழகு எந்த நாட்டில் இருந்தாலும் அழகே. அது எந்த நாட்டு வண்டி, எப்போது எடுத்தது என்பதையாவது கேட்டறிந்து பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த முறை சிறுவன் கேட்கும்போது விடை இருக்கும். அதன் அருகிலேயே நம் குடும்பத்தின் சிறு படம் ஒன்றுக்கும் இடம் விடுங்கள்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். செங்கோட்டைப் பாதையில் பயணம் செய்து இவ்வூருக்கு வந்த முதல் தலைமுறையினர் இன்று மிகச் சிலரே. அவர்களின் வீடுகளில் வண்டியும் நிலையமும் வழியனுப்பும் கூட்டமும் விழுந்த படங்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. மூலத்தை எவரும் தர வேண்டா. படி எடுத்து, பெயரும் ஆண்டும் எழுதி, சங்கக் கட்டடத்தின் ஒரு சுவரில் வரிசையாக மாட்டினால் அதுவே நம் குடியேற்றத்தின் வரலாறாகும். ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலையை விடுமுறை நாட்களில் நான் செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

என் வீட்டுப் படத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தச் சதுரச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பழைய நீளத்திற்குப் புதுச் சட்டம் செய்தேன். வெட்டுண்ட இடத்தில், அதே அளவிற்கு, வெள்ளை அட்டையை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதன் கீழே தாத்தாவின் பெயரை எழுதி, “படியில் நின்றவர்; நெருப்பைக் காத்தவர்” என்று எழுதியிருக்கிறேன். வருபவர்கள் முதலில் அந்த வெற்றிடத்தைத்தான் பார்க்கிறார்கள். இங்கே என்ன என்று கேட்கிறார்கள். ஆச்சி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்குகிறார்.